ஒப்படைத்ததற்குச் சான்று

இன்றைக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
நேற்று நூற்றெழுபது என்றபோதே
வேனில் இதற்கு மேல் இடமில்லை என்றேன்.
இருக்கிறதே என்று கை காட்டினாள் ஷெரில்:
என் பக்கத்து இருக்கை.
அங்கே இப்போது பெல்ட் போட்டு அமர்ந்திருக்கிறது
யாருடையதோ ஒரு ரைஸ் குக்கர்.

சீனப் புத்தாண்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
செங்காங் மொத்தமும் கேன் பானம் குடிப்பதென்று
முடிவெடுத்துவிட்டது.
ஒரு பெட்டியில் இருபத்து நான்கு கேன்.
தோளில் ஏற்றினால்
காதோரம் களக் களக்கென்று
எவருடைய விருந்தோ முன்கூட்டியே சிரிக்கிறது.
எனக்கு ஒரு வெள்ளி பத்துக் காசு.
உள்ளே ஒரு ஜோடித் தோடு மட்டும் இருந்தாலும்
அதே ஒரு வெள்ளி பத்துக் காசு.
எடைக்குக் கூலி கேட்கலாம்தான்,
ஆப்பில் அதற்குப் பொத்தான் இல்லை.

கார்பார்க்கில் பத்து நிமிடம் இலவசம்,
பதினோராவது நிமிடம் என் காசு.
மின்தூக்கியோ பதினான்காம் மாடியில் நிற்கிறது.
வீடு கழுவும் பருவம்;
பழைய மெத்தை ஒன்றை உள்ளே திணிக்கப் பார்க்கிறார்கள்,
அது மடங்க மறுக்கிறது.
நான் மெத்தையின் பக்கம்.

'நாய் குரைக்கும், மெதுவாகத் தட்டவும்.'
'குழந்தை தூங்குகிறது, மணி அடிக்க வேண்டாம்.'
'மணியே அடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.'
மூன்றும் ஒரே வீடு.

வைத்தேன் என்பதற்குப் படம் வேண்டும்.
கதவு எண் தெரிய வேண்டும்,
பெட்டி தெரிய வேண்டும்,
ஆள் தெரியக் கூடாது.
எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் கீழ் ஓரத்தில்
என் வலது காலணியின் முனை வந்துவிடுகிறது.
முதலில் வெட்டி வெட்டி அனுப்பினேன்.
இந்த மாதம் நேரமில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.
இந்த வட்டாரத்துப் போன்களில் எல்லாம்
நானும் இருக்கிறேன்,
கணுக்காலுக்குக் கீழே.

போன வாரம் காணாமல் போன பெட்டிக்கு
ஃபிர்தவுஸின் கணக்கில் எண்பது வெள்ளி பிடித்தார்கள்.
அவன் படத்தைக் காட்டினான்.
கதவு சரி, பெட்டி சரி,
வெளிச்சம்தான் போதவில்லை என்றார்கள்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் முதல் நெற்றியில் விளக்குக் கட்டி வருகிறான்,
சுரங்கத்தில் இறங்குபவன் மாதிரி,
பட்டப் பகலில்.
அது கேலியா கீழ்ப்படிதலா என்று
ஷெரிலுக்கு இன்னும் பிடிபடவில்லை.
அவளைத் திட்டலாம் என்று போனேன்.
மணி மூன்று. மேசையில் அவள் மதியச் சோறு,
ரப்பர் வளையம்கூடக் கழற்றாமல்.
கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

இரவு பத்தே முக்கால்.
மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
போனில் ஒரு படம்
மாலை நான்கிலிருந்து காத்துக் கிடக்கிறது.
என் கதவு. என் செருப்பு அடுக்கு.
அதன் மேல் ஒரு சிறு பொதி:
குதிகால் வலிக்கு ஜெல் அட்டை.
தள்ளுபடியில், இதே வாரத்தில்,
நானும்தான் வாங்கினேன்.
'அவசரம், இன்றே தேவை' என்று
குறிப்பும் நானேதான் எழுதியிருக்கிறேன்.

படத்தின் கீழ் ஓரத்தில் இன்னொருவனின் காலணி முனை.
இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
துணிக் காலணி.
வாய் பிளந்த இடத்தில் பழுப்பு டேப்,
பெட்டிக்கு ஒட்டுகிற அதே டேப்.

சேவை எப்படி என்று ஆப் கேட்கிறது.
ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டேன்.
கருத்துக்கு ஒரு கட்டம் திறந்தது.
உங்களுக்கு இன்று எத்தனை என்று எழுதினேன்.
அழித்தேன்.
காலணி எத்தனாம் நம்பர் என்று எழுதினேன்.
கட்டத்தில் அது கொஞ்ச நேரம் இருந்தது.
நாளைக்கு இருநூற்றெட்டு என்று
போன் ஒருமுறை அதிர்ந்தது.